மீட்டர் பார்க்கிறவருக்கு ஒரு பின்னணி

அவருக்கு உயரம் ஒரு சாண்.
உள்ளே கட்டுக்கம்பி, மேலே பஞ்சு, முகம் மெழுகு.
பழைய குடைத்துணியில் தைத்த மழைக்கோட்டு.
வெள்ளம் ஏறிய ஊரில் வீடு வீடாகப் போய்
மீட்டர் பார்ப்பது அவர் உத்தியோகம்.
வீடுகளில் ஆளில்லை.
மீட்டர்கள் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.
இதுதான் விளையாட்டு.
வெல்வதற்கு ஒன்றுமில்லை என்றான்
கோட் எழுதும் இம்தாத்.
அதைப் பெருமையாகத்தான் சொன்னான்.

வாழைச்சேனையில் ஒரு சாமான் அறைக்குள்
யன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்து
நிலுக்ஷா அவரை நடத்துகிறாள்.
திரையில் ஒரு செக்கனுக்குப் பன்னிரண்டு படம்.
ஒரு படத்துக்கு
முழங்கால் ஒரு நூல், கை அரை நூல்,
வெள்ளமாய் விரித்த பொலித்தீனில் ஒரு சுருக்கம்.
விடிய இருந்து பொழுதுபடும்வரை செய்தால்
அவர் ஒரு படலையைத் திறப்பார்.
கரண்ட் போனால் திறக்கமாட்டார்.

எனக்குத் தந்தது இசை.
கல்யாண வீட்டுக் கீபோர்ட்காரன் நான்,
மாப்பிள்ளை வர ஒன்று, கேக் வெட்ட ஒன்று
என்று முடிவு தெரிந்த மெட்டுகளில் பிழைத்தவன்.
இங்கே முடிவு விளையாடுகிறவன் கையில்.
அவன் ஒரு வாசலில் அவரை நிறுத்திவிட்டு
ஃபோன் கதைக்கப் போனால்
வரும்வரை பாட்டு தீரக்கூடாது.
அலுக்கவும் கூடாது.

மீன் பாடுகிறதைப் போடலாமே என்று
சொல்லாத ஆளில்லை.
போடவில்லை.

முதலில் வயலின் கொடுத்தேன்.
வெறும் வீடு, தண்ணீர், மழை,
வேறென்ன கொடுப்பது?
இரண்டு நாள் கழித்துக் குரல் அனுப்பினாள்:
"இது அழுகுது.
அவருக்குத் துக்கம் எண்டு அவருக்கே தெரியாது.
இலக்கம் மட்டும்தான் தெரியும்.
நாலாயிரத்து இருநூற்றுப் பதினேழு. எழுதுவார்.
மறுகா அடுத்த வீடு."

வயலினை எடுத்தேன்.
புல்லாங்குழலை எடுத்தேன்.
மூன்று கிழமை எடுத்துக்கொண்டே இருந்தேன்.
எஞ்சியது மீட்டரின் ரீங்காரம்,
வெள்ளைக் கட்டைக்கும் கறுப்புக் கட்டைக்கும் நடுவில்
ஒரேயொரு சுருதி.

பிறகு ஒருநாள் தவறுதலாக
படம் பிடிக்கும் நேரத்துச் சத்தத்தையும்
சேர்த்து அனுப்பிவிட்டாள்.
ஆறு மணித்தியாலம்.
கதிரை இழுபடுகிறது.
ஒரு தும்மல், உடனே ஒரு கெட்ட வார்த்தை;
வெள்ளம் கலைந்திருக்கும்.
ஓட்டமாவடிப் பாலத்தில் கொழும்பு ரயில்.
இதற்கெல்லாம் இடையில்
கெமரா சொடுக்குவதற்கு முன்
ஒன்றுமில்லை.
சொடுக்கியபின் ஒரு மூச்சு.
மறுபடி ஒன்றுமில்லை.
மறுபடி மூச்சு.

தன் காற்றுப் பட்டு அவர் அசையக்கூடாதென்று
பிடித்துவைத்திருக்கிறாள்.
ஒரு செக்கனுக்குப் பன்னிரண்டு தரம்,
இரண்டு வருடமாய்.

"என்ட மூச்சா? அதுக்கு வேற காசு"
என்றாள், கேட்டபோது.

வெட்டினேன், ஒட்டினேன்.
ஒன்று நீளம், ஒன்று கட்டை,
ஒன்றில் தடிமன் பிடித்த மூக்கு.
எந்தத் தாளத்திலும் இருக்கவில்லை,
நானும் இருத்தவில்லை.
அவர் கன்னத்தில் அவள் பெருவிரல் பதிந்து
படத்துக்குப் படம் துடிக்குமே,
அது போகட்டும் என்று விட்ட மாதிரி
இதையும் விட்டேன்.
இப்போது, அவர் நடந்தால் மூச்சு வெளியே வரும்.
நின்றால் நிற்கும்.
அடியில் அந்தச் சுருதி மட்டும்
பில் ஏறுவதுபோல.

சனிக்கிழமை இரவு இம்தாத் வீட்டில்
முதன்முதலாய் முழுவதும் ஓட்டிப் பார்த்தோம்.
ஏழாவது வாசலில் அவரை விட்டுவிட்டு
பிளேன்டி ஊற்றப் போனான்.
சீனி தேடினான் போல, சுணங்கியது.
திரையில் அவர் பென்சிலைத் தூக்கியபடி.
பக்கத்து வீட்டில் தண்ணி மோட்டர் ஓடி நின்றது.
ஒழுங்கையால் ஒரு சைக்கிள் போனது.
அவர் பென்சிலைத் தூக்கியபடியே.

கோப்பைகளை வைத்துவிட்டு இம்தாத் கேட்டான்:
"என்ன, பாட்டு நிண்டு போச்சா?"

நிலுக்ஷா இல்லை என்று
தலையை மட்டும் ஆட்டினாள்.